மயிலம்மாளின் கிட்னி வீடு மாறியது

உறையூரில் வீடு மாற்ற நினைக்கிறவர்கள் முதலில் ஜோசியரைப் பார்ப்பார்கள், அப்புறம் மயிலம்மாளைப் பார்ப்பார்கள். ஜோசியர் நாள் குறிப்பார். அந்த நாள் தோதுப்படாது என்று மயிலம்மாள் சொல்லிவிட்டால் ஜோசியரே வேறு நாள் தேட வேண்டியதுதான்.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. பிறந்தது மருங்காபுரி பக்கத்தில், மழையை நம்பி விதைக்கிற குடும்பத்தில். வாக்கப்பட்டு வந்தது உறையூருக்கு. கணவர் வீரமலை குட்டியானை ஓட்டுகிறார். சின்ன லோடு வண்டிக்கு ஊரே வைத்த பெயர் அது. வண்டி வீரமலையின் பெயரில் இருக்கிறது. வண்டியைத் தவிர கயிறு, சாக்கு, சுமை தூக்கும் நான்கு ஆட்கள், அவர்களை ஏவுகிற குரல், எல்லாம் மயிலம்மாளுடையவை. மூன்றாம் மாடியில் நின்று அவள் "மெதுவா!" என்றால், கீழே தெருவில் சம்பந்தமில்லாமல் போகிற ஆட்டோக்காரர் பிரேக் போடுவார்.

அவளிடம் சில சட்டங்கள் உண்டு. சாமி படமும் உப்பும் மஞ்சளும் நிறைகுடமும் போகாமல் வேறு எந்தச் சாமானும் புது வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. தெருவில் இறக்கிய சாமான் பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள் நிற்க வேண்டும். ஆடி மாதத்தில் வண்டி எடுக்க முடியாது. இவற்றையெல்லாம்விடப் பெரிய சட்டம் ஒன்று இருந்தது. புது வீட்டில் பால் காய்ச்சி முடிக்கும்வரை யாரும் அந்த வீட்டுக் கழிப்பறைக்குள் கால் வைக்கக் கூடாது.

"பால் பொங்கணும்டா மொதல்ல. மத்ததெல்லாம் அப்புறம்" என்பாள்.

ஆண்கள் என்ன செய்வார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. ஊரில் சந்துக்கா பஞ்சம்? மயிலம்மாளால் அது முடியாது. பழைய வீட்டையோ கழுவித் துடைத்துப் பூட்டி, சாவியை வீட்டுக்காரர் கையில் கொடுத்தாகிவிட்டது. அதனால் அவள் ஒரு சுலபமான வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். தண்ணீரே குடிக்க மாட்டாள். காலையில் ஒரு காபி, அதோடு சரி. திருச்சி வெயிலில், மாடிக்கும் தெருவுக்கும் ஏறி இறங்கிக்கொண்டு, சாயங்காலம்வரை நாக்கு காய்ந்தபடி கத்திக்கொண்டிருப்பாள். கல்யாணமான புதிதில் ஆரம்பித்த பழக்கம். இதை அவள் ஒரு சாமர்த்தியம் என்றே நினைத்தாள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. யாரையும் பேசி முடிக்க விடமாட்டாள். "மயிலம்மா, அந்த பீரோவை..." என்று வாடிக்கையாளர் ஆரம்பித்தால், "புரிஞ்சுது, ஜன்னலுக்கு எதிர்ல" என்று முடித்துவிடுவாள். பத்தில் ஒன்பது தடவை அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். மீதி அந்த ஒரு தடவையால் வந்த வினைதான் இந்தக் கதை.

வைகாசி மாதம், ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து அம்மா மண்டபம் சாலையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வேதவல்லி மாமியின் வீட்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள். லிப்ட் அன்றைக்குப் பார்த்து வேலை செய்யவில்லை. மாமி தன் பெருமாள் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு முதல் ஆளாக உள்ளே போய்விட்டு, பித்தளைச் சொம்போடு வெளியே வந்தாள்.

"ஏம்மா, காலம்பறலேர்ந்து தொண்டத்தண்ணி வத்தக் கத்திண்டிருக்கே. சித்த தீர்த்தம் சாப்பிடு."

"வேண்டாம் மாமி. இன்னும் பால் காய்ச்சல."

"பெருமாள ஏளப்பண்ணியாச்சு, இன்னும் என்னடி பாலு? சாப்பிடுன்னா."

மயிலம்மாள் சிரித்துக்கொண்டே கையை ஆட்டி மறுத்தாள். அந்தக் கை பாதியில் நின்றது. இடது விலாவுக்குக் கீழே இரண்டு வருடமாக வந்து வந்து போன வலிதான். வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்து விரட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அது விரட்டினால் போகிற வலியாக இல்லை. மாமியின் சுருட்டிய மெத்தை மேலேயே சாய்ந்தாள். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. வெயில் கொளுத்துகிற மதியத்தில் குளிர், குளிர் என்று பல்லைக் கடித்தாள். வீரமலை பாதி இறக்கிய வண்டியிலேயே அவளைப் போட்டுக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்.

அங்கே ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் இரண்டு செய்திகள் தெரிந்தன. வலது பக்கக் கிட்னி பிறவியிலேயே வளராமல் நின்றுபோனது. அது ஒரு நாளும் வேலை செய்ததில்லை. ஆக, மயிலம்மாள் இத்தனை காலமும் ஒற்றைக் கிட்னியில்தான் ஓடியிருக்கிறாள். "ஒத்தக் கிட்னிய வெச்சுக்கிட்டுத்தான் பாதி உறையூர மாத்தியிருக்கேனா!" என்று அந்தக் காய்ச்சலிலும் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

இரண்டாவது செய்தியில் பெருமைப்பட எதுவுமில்லை. இருக்கிற அந்த இடது கிட்னியிலிருந்து சிறுநீர்ப் பைக்கு இறங்கும் குழாயில் ஒரு கல் வந்து உட்கார்ந்திருந்தது. கல்லை எடுத்துவிட்டார்கள். ஆனால் கல் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் குடியிருந்ததால் குழாய் புண்ணாகி, தழும்பேறி, நீளமாக ஒரு பகுதி முழுக்கச் சுருங்கி ஒட்டிப்போயிருந்தது. சிறுநீர் இறங்க வழியில்லை. தற்காலிகமாக முதுகில் துளையிட்டு ஒரு குழாய் போட்டு, அதன் முனையில் ஒரு பையை மாட்டி அனுப்பினார்கள். அந்தப் பையை ஒரு துணிப்பைக்குள் வைத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, முந்தானையால் மூடிக்கொண்டு நடந்தாள்.

சிறுநீரக டாக்டர் சுபஸ்ரீ மெதுவாகவும் விளக்கமாகவும் பேசுகிறவர். மயிலம்மாளிடம் பேச அது தோதான குணமில்லை.

"அந்தக் குழாயச் சரி பண்ண முடியாதும்மா. நடுவுல ரொம்ப நீளத்துக்குக் கெட்டுப் போயிருக்கு. அதனால கிட்னிய எடுத்து மாத்தி வெக்கிறதுதான் நல்ல வழி. அது எப்படின்னா..."

"புரிஞ்சுது டாக்டரம்மா. கிட்னிய மாத்தணும்."

"ஆமா, ஆனா அது..."

"வீட்டுல கலந்து பேசிட்டு வரேன்" என்று மயிலம்மாள் எழுந்துவிட்டாள். அதே நேரத்தில் அவசரம் என்று ஒரு நர்ஸ் வந்து டாக்டரைக் கூப்பிட்டாள். "அடுத்த வாரம் வீட்டுக்காரரயும் கூட்டிட்டு வாங்க, படம் போட்டுக் காட்டறேன்" என்று டாக்டர் சொன்னது கதவு வரைக்கும்தான் வந்தது.

வீடு மாத்துவது என்றால் இருக்கிற சாமானை அப்படியே கொண்டுபோய் இன்னோர் இடத்தில் வைப்பது. டயர் மாத்துவது என்றால் பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதை மாட்டுவது. ஒரே வார்த்தைதான். அதில் முதல் அர்த்தத்தை வைத்தே சோறு தின்கிற மயிலம்மாள், தன் கிட்னி என்று வந்ததும் அதைக் கொண்டுபோய் டயர் கணக்கில் சேர்த்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து சொன்னாள். வீரமலை சட்டைப் பொத்தானைப் போட்டபடி எழுந்தார்.

"நான் குடுக்கறேன்."

"உங்களுக்குத்தான் சுகர் இருக்கே. உங்க கிட்னிய வெச்சு நான் பாயசம் காய்ச்சவா?"

வீரமலை திரும்ப உட்கார்ந்துவிட்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும், ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது அவளுக்கு. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவருக்கு அவள், அவளுக்கு அவர், இருவருக்கும் வண்டி. பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். சாவதை நினைத்து அவளுக்கு அவ்வளவு பயமில்லை. இந்த மனிதர் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு போய், யார் வீட்டு வாசலிலாவது என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பாரே என்றுதான் பயமாக இருந்தது.

விஷயம் சொந்தக்காரர்களிடம் பரவியது. பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு சேர்த்துத் தங்கள் நோய்களையும் கொண்டுவந்தார்கள். வீரமலையின் அண்ணன் மகன், தனக்கு ரத்த அழுத்தம் குறைவு என்பதை யாரும் கேட்காமலே மூன்று தடவை சொன்னான். அரியமங்கலத்திலிருந்து தினமும் வந்துகொண்டிருந்த சித்தி மகள், ரத்த வகை என்ன என்று பேச்சு வந்த நாளிலிருந்து போனை எடுப்பதில்லை. வீரமலைக்குக் கோபம் கோபமாக வந்தது.

"அவங்கள எதுக்குத் திட்டறீங்க? என்னைக் கேட்டா நான் ஒடனே குடுத்துருவேனா என்ன?" என்றாள் மயிலம்மாள். அவள் மனசாட்சிக்கு நேர்மையான பதில் அது.

"மாதவன் இருக்கான்" என்றார் வீரமலை.

"அந்தப் பேர எடுக்காதீங்க."

மாதவன் அவளுடைய ஒரே தம்பி. மருங்காபுரியில் மிளகாயும் நிலக்கடலையும் போடுகிறான். ஆறு வருடத்துக்கு முன்னால் அங்கே சொந்தமாக ஒரு வீடு கட்டிக் குடிபோனான். பத்திரிகை வைத்து அழைத்தான். எல்லாம் சரி. ஆனால் பழைய வீட்டுச் சாமானை ஏற்ற துவரங்குறிச்சியிலிருந்து ஒரு வண்டி பிடித்திருந்தான். கூடப்பிறந்த அக்காள் ஊருக்கெல்லாம் வீடு மாற்றிக் கொடுக்கிறாள். தம்பி வேறு வண்டி பிடிக்கிறான்! அக்காளின் வண்டி மட்டமா, அல்லது அக்காளே மட்டமா? மயிலம்மாள் போனில் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் சொல்றதக் கேளு. நான் எதுக்கு அப்படிப் பண்ணேன்னா..."

"புரிஞ்சுதுடா! எல்லாம் புரிஞ்சுது. இனிமே உன் வீட்டுல பச்சத்தண்ணி குடிச்சா நான் மயிலம்மா இல்ல!"

புதுமனை புகுவிழாவுக்கு அவள் போகவில்லை. அதற்குப் பிறகு ஒரு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தண்ணீர் குடிக்காமல் இருப்பதில்தான் அவளுக்குக் கெட்டிக்காரத்தனம் உண்டே.

வீரமலை வாழ்நாளில் மனைவிக்குத் தெரியாமல் செய்த காரியங்கள் மிகக் குறைவு. அவற்றில் ஒன்று, வண்டிக்கு டீசல் போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் மைத்துனனுக்குப் போன் செய்தது.

மூன்றாம் நாள் காலையில் மாதவன் வாசலில் நின்றான். தலை பாதி நரைத்துவிட்டிருந்தது. அதைப் பார்த்ததும் மயிலம்மாள் வா என்று சொல்லாமலே கதவை விட்டு விலகி நின்றாள்.

"எதுக்கு வந்த?"

"கிட்னி குடுக்கத்தான்."

ஏதோ பக்கத்து வீட்டில் வாங்கிய படியைத் திருப்பிக் கொடுக்க வந்தவன் மாதிரி சொன்னான். அவள் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். காபி டம்ளரைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அவன் தொடவில்லை.

"பழிக்குப் பழியாடா? என் வீட்டுல நீ தண்ணி குடிக்க மாட்டியா?"

"ஐயோ அக்கா, ரத்தம் எடுப்பாங்க, வெறும் வயித்தோட வான்னு மாமாதான் சொன்னாரு. நேத்து ராத்திரிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. பசி கொல்லுது."

வீரமலை கூரையைப் பார்த்தார். மயிலம்மாள் அந்தக் காபியைத் தானே எடுத்துக் குடித்துவிட்டு, "கெளம்புங்க, போலாம்" என்றாள்.

டாக்டர் சுபஸ்ரீ மூன்று பேரையும் உட்காரச் சொன்னார்.

"இவரு யாரும்மா?"

"என் தம்பி. கிட்னி குடுக்க வந்திருக்கான்."

"யாருக்கு?"

மயிலம்மாளுக்கு டாக்டரின் படிப்பின் மேலேயே சந்தேகம் வந்தது. "எனக்குத்தான்! நீங்கதான கிட்னிய மாத்தணும்னு சொன்னீங்க?"

"மாத்தி வெக்கணும்னு சொன்னேன்மா. உங்க கிட்னியவே. உங்களுக்கு எதுக்கு இன்னொருத்தர் கிட்னி? உங்களது நல்லாத்தான் இருக்கு, சிறுநீர் எறங்கி வர்ற வழிதான் கெட்டுப் போச்சு."

ஒரு தாளை எடுத்துப் படம் போட்டார். மேலே விலாவுக்கு அடியில் கிட்னி. கீழே சிறுநீர்ப் பை. நடுவில் நீளமான குழாய். அந்தக் குழாயைப் பேனாவால் அடித்தார். "இந்த நடுப்பகுதி உதவாது. மேல ஒரு துண்டு மட்டும் நல்லா இருக்கு. அந்தத் துண்டு பைவரைக்கும் எட்டாது. பைய மேல கொண்டு போக முடியாது. அதனால கிட்னியவே கீழ கொண்டு வந்துடறோம். இங்க, அடிவயித்துல, பைக்குப் பக்கத்துல வெச்சு, அங்க இருக்கிற ரத்தக் குழாயோட சேத்துட்டா, இருக்கிற சின்னத் துண்டுக் குழாயே போதும்."

வீரமலைதான் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வீடு மாத்தற மாதிரிங்களா டாக்டர்?"

"அதேதாங்க."

வீரமலை மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பேசாமல் அப்படிப் பார்க்கிற உரிமையை அவர் வருடத்துக்கு ஒரு முறைதான் பயன்படுத்துவார்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே டாக்டரம்மா?" என்றாள் மயிலம்மாள்.

"நீங்க சொல்ல விட்டாத்தானம்மா?"

மாதவனுக்குத்தான் முகம் விழுந்துவிட்டது. "அப்ப நான் எதுக்கு வந்தேன்?" என்றான். வீட்டில் மனைவி பானுப்ரியாவிடம் இரண்டு நாள் வாதாடி, அவளைச் சம்மதிக்க வைத்து, சாமிக்கு வேண்டிக்கொண்டு, பட்டினியாகக் கிளம்பி வந்தவன் பாவம். அவ்வளவு பெரிய மனசை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது?

"ஆபரேஷனுக்கு ரத்தம் வேணும், அதக் குடுங்க. ஆனா மொதல்ல போயி சாப்பிட்டுட்டு வாங்க" என்று சிரித்த டாக்டர், அப்புறம் சிரிப்பை நிறுத்தினார். "நீங்க முழுசாக் கேக்கணும்மா. இருக்கிறது ஒரே கிட்னி. அத வெளியில எடுத்துக் கழுவி, ஐஸ்ல குளுர வெச்சுத்தான் மறுபடி பொருத்துவோம். பெரும்பாலும் நல்லா வந்துரும். வராமப் போனா, வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ் மெஷின்தான். வேலைக்கெல்லாம் போக முடியாது. வேண்டாம்னு இப்படியே விட்டா, முதுகுல இருக்கிற குழாய் வழியாக் கிருமி போயிப் போயி, கொஞ்சம் கொஞ்சமா அதே கிட்னி கெட்டுப் போகும்."

மயிலம்மாள் குறுக்கே பேசவில்லை. டாக்டர் முடித்த பிறகும் கொஞ்ச நேரம், இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று காத்திருந்தாள். அவளை அப்படிப் பார்க்க வீரமலைக்கே புதிதாக இருந்தது. வாழ்க்கையில் எத்தனையோ பேருடைய உடையக்கூடிய சாமான்களை இடம் மாற்றியிருக்கிறாள். போய்ச் சேருமா என்று அவர்கள் ஏன் அப்படிக் கண்ணில் உயிரை வைத்துக்கொண்டு கேட்டார்கள் என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

"வெளியில இருக்கிற நேரத்துல அதுக்குப் பக்கத்துல ஆள் நிப்பாங்களா?"

"நானே நிப்பேன்."

"அப்பச் சரி, மாத்துங்க." பிறகு ஏதோ ஞாபகம் வந்தவளாக, "ஆனா ஆடி பொறந்துருச்சே. ஆடியில எப்படிக் குடிபோறது? ஆவணி முதல் முகூர்த்தத்துல வெச்சுக்கலாமா?" என்றாள்.

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் வீரமலை முந்திக்கொண்டார். "அதெல்லாம் வீட்டுக்குத்தான் மயிலு. இது ஒரே வீட்டுக்குள்ள மேல் ரூம்லேர்ந்து கீழ் ரூமுக்கு எறங்கறது. அதுக்கு யாரு நாள் பாக்கறா?"

வீட்டுக்குள்ளேயே மாறுவதற்கு அவள் சட்டத்திலும் ஆடி தடை இல்லை.

ஆஸ்பத்திரி கேண்டீனில் மாதவன் நான்காவது இட்லியை விண்டுகொண்டிருந்தபோது மயிலம்மாள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். இடுப்புப் பையைச் சரிசெய்துகொண்டாள்.

"அன்னைக்கு போன்ல ஏதோ சொல்ல வந்தியே. எதுக்கு வேற வண்டி பிடிச்ச?"

"இப்ப எதுக்குக்கா அது?"

"சொல்லு. நடுவுல பேச மாட்டேன்."

மாதவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஊர்ல யாரு குடிபோனாலும் நீ மூட்டையோடதான் போயி நிப்ப. வேர்த்துக் கொட்டிக்கிட்டு, முந்தானைய இடுப்புல சொருகிக்கிட்டு. என் வீட்டுக்கு மட்டும் நீ அப்படி வரக் கூடாதுன்னு நெனச்சேன். பட்டுப் புடவை கட்டிக்கிட்டு, கையில வெளக்கோட, மொத ஆளா நீ உள்ள நுழையணும். உன் கையாலதான் பால் காய்ச்சணும்னு பானு கிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன். புடவைகூட எடுத்து வெச்சேன். அரக்குக் கலர். உன் வண்டியக் கூப்பிட்டா நீ மூட்டைய எறக்காம இருப்பியா? அதான் வேற வண்டி. முகூர்த்தம் முடியற வரைக்கும் அடுப்பப் பத்த வெக்காம வாசலையே பாத்துட்டிருந்தோம்."

மயிலம்மாள் நடுவில் பேசவில்லை. ஆறு வருடம். ஒரு வாக்கியத்தை முடிக்க விடாததற்கு ஆறு வருடம். தன் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. கேண்டீனில் எல்லோரும் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அழுதாள்.

ஆனாலும் மயிலம்மாள் மயிலம்மாள்தான். மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "மூட்டை தூக்கறதுல என்னடா கேவலம்?"

"கேவலம்னு யாரு சொன்னா? ஒரு நாள், ஒரே ஒரு நாள் தூக்காம வாயேன்னுதான் நெனச்சேன்."

ஆடிப்பெருக்கு கழிந்த வாரத்தில் ஆபரேஷன். தள்ளுவண்டியில் படுக்க வைத்து உள்ளே கொண்டுபோகும்போது, வாசல் நிலையில் அது லேசாக இடித்துவிட்டது. "பாத்து! சைடு பாத்துத் தள்ளுங்க! பீரோவா இருந்தா இந்நேரம் கண்ணாடி போயிருக்கும்" என்று படுத்தபடியே அதட்டினாள். தள்ளியவர் பயந்துபோய் மெதுவாகத் தள்ளினார். உள்ளே டாக்டர் சுபஸ்ரீ பச்சை உடுப்பில் நின்றிருந்தார். "பக்கத்துலயே நிக்கணும், சொல்லிட்டேன்" என்றாள் அவரிடம். "நிக்கறேன்மா" என்றார் டாக்டர். அதற்கப்புறம் மயிலம்மாளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் இல்லாமல் நடந்த முதல் வீடு மாற்றம் அதுதான்.

கண்ணை விழித்தபோது எங்கோ மணி அடிப்பது மாதிரி மெஷின் சத்தம். வாயெல்லாம் காய்ந்திருந்தது. முகமூடி கட்டிய ஒரு முகம் மேலே குனிந்தது. கண்ணை வைத்தே அது வீரமலை என்று தெரிந்தது. அந்தக் கண் சிவந்து வீங்கியிருந்தது. போய்விட்டதா? மெஷின்தானா இனிமேல்? கேட்க நினைத்தாள், நாக்கு புரளவில்லை.

திருச்சியில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிற எவரும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. அறை எத்தனை என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். மனைவி கேட்காத அந்தக் கேள்விக்கு வீரமலை பதில் சொன்னார்.

"தண்ணி வந்துருச்சு மயிலு. ரத்தக் குழாயச் சேத்த ஒடனே, ஆபரேஷன் மேசையிலயே கிட்னியிலேர்ந்து வந்துருச்சாம். டாக்டரம்மா வெளிய வந்து மொத வார்த்தை அதான் சொன்னாங்க."

அவள் உதடு அசைந்தது. வீரமலை காதைக் கொண்டுபோனார்.

"பால் காய்ச்சியாச்சா?"

மயக்கத்தில் உளறுகிறாள் என்று நர்ஸ் சொன்னாள். உளறல் இல்லை என்பது வீரமலைக்குத் தெரியும். அவர் முகமூடியைக் கழற்றாமலே அழுதார், சிரித்தார்.

முதுகுக் குழாயும் பையும் போயின. உள்ளே தற்காலிகமாக வைத்திருந்த மெல்லிய குழாயையும் சில வாரம் கழித்து எடுத்துவிட்டார்கள். டாக்டர் சுபஸ்ரீ அவள் கையைப் பிடித்து அடிவயிற்றில் ஓர் இடத்தில் வைத்து, "இங்கதான் இருக்கு" என்றார். அவள் அங்கே கையை வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தாள். இத்தனை நாள் கண்காணாமல் முதுகுப் பக்கம் உழைத்துக்கொண்டிருந்தது, இப்போது கைக்கு எட்டுகிற தூரத்தில் குடிவந்திருக்கிறது. அதன் மேல் அவளுக்குப் பிரியமாக இருந்தது.

"மூணு விஷயம்மா" என்று ஆரம்பித்தார் டாக்டர். கனம் தூக்கக் கூடாது. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. "மூணாவது, அடக்கி வெக்கவே கூடாது. எந்த வீடா இருந்தாலும் சரி, பால் காய்ச்சியிருந்தாலும் காய்ச்சாட்டியும் சரி." வீரமலை எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார் என்று தெரிந்தது. மயிலம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

ஆவணியில் வேலை மும்முரமானபோது அவள் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு வேலை வாங்கினாள். உட்கார்ந்து கத்தினாலும் மூன்றாம் மாடிக்குக் கேட்கத்தான் செய்தது. பழைய சட்டத்தையும் மாற்றினாள். புது வீட்டுக்குள் முதலில் சாமி படம், அடுத்து யாருக்கு அவசரமோ அவர்கள். "கிட்னியவிடப் பால் பெருசில்லடா" என்று ஆட்களிடம் சொன்னாள்.

புரட்டாசி பிறப்பதற்கு முன்னால் ஒரு நாள் மருங்காபுரிக்குப் புறப்பட்டார்கள். மாதவன் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து கொடுத்திருந்த அரக்குப் பட்டுப் புடவையை, தழும்பில் அழுத்தாதபடி தளர்த்திக் கட்டிக்கொண்டாள். குட்டியானையின் பின்பக்கம் காலியாக இருந்தது. கயிறில்லை, சாக்கில்லை. கையில் ஒரு பித்தளை விளக்கு மட்டும். வழியெல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டு, "மேடு பள்ளம் பாத்து ஓட்டுங்க" என்று வீரமலையிடம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பானுப்ரியா வாசலில் நின்றிருந்தாள். ஓடிவந்து விளக்கை வாங்கப் போனவளிடம், "இருக்கட்டும், நானே எடுத்துட்டு வரேன்" என்று சொல்லி, ஆறு வருடத்துக்கு முன்னால் முதல் ஆளாக நுழைந்திருக்க வேண்டிய வாசலில் வலது காலை எடுத்து வைத்தாள். கூடத்தில் விளக்கை வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணி" என்று ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினாள் பானுப்ரியா. நீட்டிய பிறகுதான் அவளுக்கு அந்தப் பழைய சபதம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கை பாதியில் நின்றது. மாதவன் அக்காளின் முகத்தைப் பார்த்தான். வீரமலை வேறு எங்கோ பார்த்தார்.

மயிலம்மாள் சொம்பை வாங்கினாள். அண்ணாந்து, ஒரே மூச்சில், அடிவரைக்கும் குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொம்பைத் திருப்பி நீட்டினாள்.

"நல்லா இருக்கு. இன்னொரு சொம்பு குடு பானு."

அதையும் குடித்தாள். ஊர்ப் பேச்சு, மிளகாய்ப் பேச்சு என்று ஏதேதோ பேசிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து நின்றாள்.

"டேய், பாத்ரூம் எங்கடா இருக்கு?"

"உள்ள நேராப் போயி அக்கா..." என்று மாதவன் ஆரம்பித்தான்.

மற்ற நாளாக இருந்தால் 'புரிஞ்சுது' என்று சொல்லிவிட்டு நடந்திருப்பாள். அன்றைக்கு, இரண்டு சொம்புத் தண்ணீரும் முட்டிக்கொண்டு நிற்க, தம்பி வழி சொல்லி முடிக்கும்வரை அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.